கேம்பர் வேனில் உட்சுவர்ப் பலகையும் மடக்கு பெஞ்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கவும் சமைக்கவும் உட்காரவும் இடம் அமைத்துக்கொள்வது பிரிட்டனில் பலர் சொந்தக் கையால் செய்யும் வேலை. அதில் அதிகமான சந்தேகங்கள் எழுவது இரண்டு இடங்களில்: இரும்புத் தகட்டை மறைக்கும் சுவர்ப் பலகை, அந்தச் சுவரோடு மடங்கி நிற்கும் பெஞ்சு. இரண்டையும் தனித்தனி வேலையாக நினைப்பதால்தான் பல வேன்களில் ஒரே வருடத்தில் பெஞ்சு ஆடத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வேலை என்பதை மனதில் வைத்து இந்தப் பதில்களைப் படியுங்கள்.

எந்த வேனை வைத்து இந்த அளவுகள் சொல்லப்படுகின்றன?

ஃபியட் டுகாட்டோ. 2006 முதல் இன்றுவரை அடிப்படையில் ஒரே உடலமைப்போடு வந்துகொண்டிருக்கும் தலைமுறை. பெஜோ பாக்ஸரும் சிட்ரோயன் ரிலேயும் அதே உடல்தான். முகப்பும் இன்ஜினும் மாறலாம், உள்ளே இருக்கும் இரும்பு ஒன்றே. ஒருவர் வெட்டிய பலகை அளவை, அதே நீளமும் உயரமும் கொண்ட வேன் வைத்திருக்கும் இன்னொருவர் தொடக்கமாகப் பயன்படுத்திக்கொள்ள முடிவது இதனால்தான்.

சரக்கறையின் அகலம், அதிகபட்ச இடத்தில், ஏறத்தாழ 187 செ.மீ. பின்சக்கரப் புடைப்புகளுக்கு நடுவே 142 செ.மீ. நடுத்தர உயர வேனில் தரையிலிருந்து கூரை வரை 193 செ.மீ. பக்கச் சுவர்கள் மற்ற வேன்களைவிடச் செங்குத்தாக நிற்பது இதன் பெரிய நன்மை. ஃபோர்டு டிரான்ஸிட், மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே சொல்லும் முறை பொருந்தும். எண்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சுவரா, பெஞ்சா?

பெஞ்சின் இடத்தைத் தீர்மானிக்காமல் ஒரு பலகையைக்கூட வெட்டாதீர்கள். பெஞ்சில் உட்காருபவரின் எடையைத் தாங்கப்போவது பலகை அல்ல. பலகைக்குப் பின்னால், வெளித்தகட்டோடு பற்றவைக்கப்பட்டு மேலிருந்து கீழாக நிற்கும் மடித்த இரும்புச் சட்டங்கள்தான் அதைத் தாங்கும். சுவரை அழகாக மூடி முடித்துவிட்டால் அந்தச் சட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பதே தெரியாமல் போய்விடும். அதன் பிறகு 6 மி.மீ. பிளைவுட்டில் நான்கு மரத்திருகுகளை முடுக்கிக் கீலை மாட்டுவதைத் தவிர வேறு வழியிருக்காது. அந்தத் திருகுகள் சில வாரங்களில் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஆகவே வேன் வெறும் இரும்பாக இருக்கும்போதே தரையில் சுண்ணக்கட்டியால் பெஞ்சு, சமையல் மேடை, படுக்கை எல்லாவற்றையும் வரையுங்கள். ஒரு முக்காலியை அந்த இடத்தில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் எங்கே வருகிறது, தலை எங்கே இடிக்கிறது, பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கும் கதவு வழியாக ஏறும்போது பெஞ்சு காலைத் தட்டுமா என்பதெல்லாம் அப்போதே தெரியும். பிறகு பெஞ்சின் உயரக் கோட்டை இரும்புச் சட்டங்களின் மேலேயே மார்க்கர் பேனாவால் போட்டுவிடுங்கள். அந்தக் கோடு சந்திக்கும் ஒவ்வொரு சட்டமும் உங்களுக்கு ஒரு பிடிமானம்.

சுவருக்கு எந்தப் பலகை, எவ்வளவு கனம்?

சுவருக்கு 5 அல்லது 6 மி.மீ. பிளைவுட் போதும். சட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் அது தொய்யாது, வேனின் இலேசான வளைவுக்கும் ஒத்துழைக்கும். 9 மி.மீ. போட்டால் உறுதி கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சுவருக்கு அந்த உறுதி தேவையில்லை, எடைதான் கூடும்.

மர வகையில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. பிர்ச் பிளைவுட் கெட்டியானது, திருகை நன்றாகப் பிடிக்கும், ஓரங்கள் அழகாக இருக்கும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 700 கிலோ. பாப்லர் பிளைவுட் மென்மையானது, எளிதில் பள்ளம் விழும், ஆனால் கன மீட்டருக்கு 450 கிலோவுக்குள் அடங்கும். 244 × 122 செ.மீ. அளவுள்ள 6 மி.மீ. தாள் ஒன்றை எடுத்தால் பிர்ச் 12 கிலோவுக்கு மேல், பாப்லர் 8 கிலோ. இரண்டு சுவரும் கூரையும் சேர்ந்தால் வித்தியாசம் ஒரு சிறுவனின் எடை அளவுக்கு வந்துவிடும். சுவருக்குப் பாப்லர், பெஞ்சைத் தாங்கும் இடங்களில் மட்டும் பிர்ச் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம். எடை அதிகம், ஈரம் பட்டால் ஊதும், திருகு பிடிக்காது. வேனுக்குள் ஈரம் வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

எந்தப் பலகையானாலும் மாட்டுவதற்கு முன்பே முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரங்கள் எல்லாவற்றிலும் வார்னிஷோ மர எண்ணெயோ பூசிவிடுங்கள். முன்பக்கம் மட்டும் பூசினால் பின்பக்கம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளைந்துவிடும். ஓரங்களில் இரண்டு முறை பூசுவது நல்லது, ஏனென்றால் தண்ணீர் முதலில் புகும் இடம் அதுதான்.

ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்துக்குள் நுழையும் நாக்கு-காடி பலகைகளை வரிசையாக அடித்தால் அழகாக இருக்கிறதே?

உண்மையிலேயே அழகாக இருக்கிறது. வளைந்த கூரையில் அது பிளைவுட்டைவிட எளிதாகவும் படியும். ஆனால் பைன் பலகை ஈரத்துக்கும் வெயிலுக்கும் விரிந்து சுருங்கும், ஒவ்வொரு இணைப்பும் ஓடும்போது கிறீச்சிட வாய்ப்புண்டு. ஒரு பலகையை மட்டும் கழற்றி உள்ளே இருக்கும் வயரைப் பார்க்கவும் முடியாது. கூரைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சு வரும் சுவருக்குப் பிளைவுட்தான் நல்லது.

பலகையை இரும்பில் எப்படிப் பிடிப்பது?

வேனின் சட்டம் பார்க்கத் தடிமனாகத் தெரிந்தாலும் அது மடித்த மெல்லிய தகடு. அதில் நேரடியாகத் திருகை முடுக்கினால் இரண்டு மூன்று மரைகள்தான் பிடிக்கும், அதிர்வில் அவையும் தேய்ந்துவிடும். இதற்காகவே இருப்பது ரிவ்நட். துளைக்குள் நுழைத்து, கருவியால் இழுத்தவுடன் பின்பக்கம் புடைத்துக்கொண்டு, மெல்லிய தகட்டிலேயே நிரந்தரமான மரை ஒன்றை உண்டாக்கும் சிறிய உருளை அது. சுவர்ப் பலகைக்கு எம்5 (5 மி.மீ. போல்ட்டுக்கானது) போதும், 7 மி.மீ. துளை. பெஞ்சைத் தாங்கும் இடங்களுக்கு எம்6 அல்லது எம்8: எம்6க்கு 9 மி.மீ., எம்8க்கு 11 மி.மீ. துளை. நிறுவனத்துக்கு நிறுவனம் துளை அளவு சற்று மாறும் என்பதால் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். துளை கால் மில்லிமீட்டர் பெரிதானாலும் ரிவ்நட் சுழலத் தொடங்கும். அப்புறம் போல்ட்டை இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது.

எடை தாங்கும் இடத்தில் எஃகு ரிவ்நட்டையே போடுங்கள். அலுமினிய ரிவ்நட் விலை குறைவு, சுலபமாக இழுபடும், ஆனால் மரை சீக்கிரம் அழியும்.

துளையிடும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, டிரில் முனையில் ஒரு தடுப்பு வளையம் மாட்டுங்கள். சட்டத்தின் முன்முகத்தைத் துளைத்த வேகத்தில் முனை உள்ளே பாய்ந்து வெளித்தகட்டைத் துளைத்துவிட்டால் பெயின்ட் கடைக்குத்தான் போக வேண்டும். இரண்டு, துளையிட்ட ஓரத்தில் துருத்தடுப்புப் பிரைமரைப் பூசி உலர்ந்த பிறகே ரிவ்நட்டைப் போடுங்கள். கீழே விழும் இரும்புத்தூளைத் துடைப்பத்தால் தள்ளாமல் உறிஞ்சு கருவியால் எடுங்கள். அடித்தட்டின் இடுக்கில் தங்கிய இரும்புத்தூள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பக்கத்துப் பெயின்ட்டையும் தின்னும்.

டுகாட்டோவின் சட்டங்களில் தொழிற்சாலையே விட்டுவைத்த துளைகள் நிறைய உண்டு. அவற்றைப் பயன்படுத்த முடிந்தால் புதிய துளை எதற்கு?

பசையால் ஒட்டிவிட்டால் வேலை எளிதாகுமே?

ஒட்டும் நாளில் எளிது. பலகைக்குப் பின்னால் ஒரு வயர் அறுந்துவிட்டாலோ, கூரை விசிறியைச் சுற்றி நீர் கசிந்தாலோ, பலகையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். சுவர்ப் பலகை கழற்றி மாட்டக்கூடியதாக இருப்பதை நான் கைவிட முடியாத விதியாகவே கருதுகிறேன். திருகின் தலை தெரிவது பிடிக்கவில்லை என்றால் பித்தளைக் கிண்ண வாஷர் போடுங்கள். திருகுகள் ஒரே நேர்கோட்டில், 25 முதல் 30 செ.மீ. இடைவெளியில் இருந்தால் அதுவே ஓர் அலங்காரம்.

பலகைக்குப் பின்னால் என்ன வைப்பது? நீர்த்துளி படியாமல் இருக்குமா?

தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளியிடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கு மேல். பிரிட்டனின் குளிர்கால இரவில் அந்த ஈரம் குளிர்ந்த இரும்பைத் தேடிப்போய்ப் படியும். பலகைக்குப் பின்னால் காலி இடம் விட்டு, எதையோ அடைத்து மூடினால் அந்த நீர் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இரும்பை அரித்துக்கொண்டிருக்கும்.

நீர் உறிஞ்சாத மூடிய செல் ரப்பர் ஃபோமை வெளித்தகட்டின் உட்புறம் இடைவெளி இல்லாமல் ஒட்டுவது நம்பகமான வழி. தகட்டை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கிய பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டுங்கள். ஃபோமுக்குப் பின்னால் காற்றுக் குமிழ் நின்றால் அங்கேதான் முதல் துளி படியும். சட்டங்களின் முகத்திலும் மெல்லிய ஃபோம் ஒட்டலாம், ஆனால் பெஞ்சின் தாங்குபலகை, அதாவது பெஞ்சின் கீலை மாட்டும் கனமான பட்டை, வரும் இடத்தை மட்டும் வெறும் இரும்பாகவே விட்டுவையுங்கள். காரணம் கீழே வருகிறது.

டப்பாவிலிருந்து பீய்ச்சும், ஊதிப் பெருகும் ஃபோமை வேண்டவே வேண்டாம். அது வெளித்தகட்டைப் புடைக்க வைக்கும், சட்டத்தின் அடியில் இருக்கும் வடிகால் துளையை அடைக்கும், பிறகு சுரண்டி எடுக்கவும் வராது. எந்தக் காப்புப் பொருளைப் போட்டாலும் கூரையில் காற்றுப் போக்கி இல்லாமல் ஈரத்தை வெல்ல முடியாது.

சுவர் எங்கும் நேராக இல்லை. அளவு எடுப்பது எப்படி?

அளவு நாடாவை நம்பாதீர்கள், அட்டையை நம்புங்கள். குளிர்சாதனப் பெட்டி வரும் தடித்த அட்டையைச் சுவரில் ஏறத்தாழப் பொருந்தும்படி வெட்டி, ஒட்டுநாடாவால் நிறுத்துங்கள். வளைவுகளின் ஓரத்தில் வட்டம் வரையும் கவராயத்தின் ஒரு காலை இரும்பில் வைத்து, மற்றொரு காலால் அட்டையில் கோடு இழுங்கள். இரும்பின் வளைவு அப்படியே அட்டையில் வந்துவிடும். அந்தக் கோட்டில் வெட்டி மறுபடி வைத்துப் பார்த்து, இடைவெளி தெரிந்த இடத்தில் சிறு அட்டைத் துண்டை ஒட்டித் திருத்துங்கள். அட்டை சரியாகப் பொருந்திய பிறகுதான் பிளைவுட்.

உங்கள் வேன் முன்பு சரக்கு வண்டியாக ஓடியிருந்தால் அதனுள் பழைய பிளைவுட் தடுப்புப் பலகைகள் இருந்திருக்கலாம். அழுக்காக இருக்கிறது என்று எறிந்துவிடாதீர்கள். வெட்டுவதற்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மாதிரி அவைதான்.

ரசமட்டத்தைத் தள்ளி வையுங்கள். வேன் நிற்கும் தரையே சரிவாக இருக்கும்போது அது காட்டும் மட்டத்துக்குப் பொருளில்லை. வேனின் தரைதான் உங்களுடைய மட்டம். எல்லா உயரங்களையும் அதிலிருந்தே அளந்து, இரண்டு முனைகளுக்கு இடையே நூல் பிடியுங்கள்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். நான்கு மீட்டர் நீளமுள்ள எஃகு, உறைபனிக்கும் கோடை வெயிலுக்கும் இடையே 50 டிகிரி மாறும்போது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீள்கிறது. மரம் அதே கணக்கில் நீள்வதில்லை. இடைவெளி இல்லாமல் நெருக்கி மாட்டிய பலகைகள் வளைந்து உரசிச் சத்தமிடும். ஜிக்சாவால் வெட்டும்போது நல்ல முகம் கீழே இருக்கட்டும். அதன் வாள் மேல்நோக்கி வரும்போதுதான் வெட்டுகிறது, சிராய் மேல்பக்கம்தான் பெயரும்.

வயரிங்?

பலகைக்கு முன்பே முடிய வேண்டும். எல்லா வயர்களையும் நெளிகுழாய்க்குள் விட்டு, சட்டத்தின் கூர்மையான துளைகளில் ரப்பர் வளையம் போட்டு, ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேனின் சொந்த வயர்க்கட்டும் சில சட்டங்களுக்குள் ஓடுகிறது, துளையிடும் முன் விரலை விட்டுப் பாருங்கள். பெஞ்சின் தாங்குபலகைக்குப் பின்னால் எந்த வயரையும் ஓட்டாதீர்கள்.

பெஞ்சுக்குச் சரியான அளவு எது?

உட்காரும் உயரம், மெத்தையோடு, 45 செ.மீ. மெத்தை 9 செ.மீ. என்றால் பலகையின் மேல்முகம் 36 செ.மீ. உயரத்தில். ஆழம் 45 செ.மீ. இருவர் உட்கார நீளம் 120 செ.மீ. எதிரெதிரே இரண்டு பெஞ்சு வைத்தால், சுவர்க் கனத்தையும் கழித்து நடுவில் 88 செ.மீ. அளவுக்கு நடைவழி கிடைக்கும். பெஞ்சை மடக்கிவிட்டால் அந்த இடம் முழுவதும் சைக்கிளுக்கோ, மழை நாளில் குழந்தைகளுக்கோ கிடைக்கும். மடக்கு பெஞ்சு இவ்வளவு உழைப்புக்குத் தகுதியானது என்று நான் நம்புவதற்கு அந்த இடம்தான் காரணம்.

மேலே மடக்குவதா, கீழே தொங்கவிடுவதா?

படம் வரைந்து பார்த்தால் விடை தானாகக் கிடைக்கும். கீல் 36 செ.மீ. உயரத்தில், பலகை 45 செ.மீ. ஆழம். கீழே தொங்கவிட்டால் தரையில் இடிக்கும். சக்கரப் புடைப்புக்கு மேலே என்றால் அதற்கும் வழியில்லை, ஏனென்றால் அந்தப் புடைப்பு சுவரிலிருந்து 22 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே மேலே மடக்குவதுதான் நடைமுறை. மடக்கிய பலகை தரையிலிருந்து ஏறத்தாழ 36 முதல் 81 செ.மீ. வரை சுவரை மறைக்கும். ஜன்னல் வெட்டப்போகிறீர்கள் என்றால் அதன் கீழ்விளிம்பு இதற்கு மேலே இருக்கும்படி இப்போதே முடிவு செய்யுங்கள். கீழே தொங்கும் பெஞ்சுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் பலகையை நீளவாட்டில் இரண்டாகப் பிரித்து நடுவிலும் கீல் வைக்க வேண்டும். அது கூடுதல் எடை, கூடுதல் ஆட்டம்.

பெஞ்சுக்குக் கால் வேண்டுமா? சுவர்ப் பிராக்கெட் மட்டும் போதாதா? பெட்டியில் 200 கிலோ என்று போட்டிருக்கிறதே?

அந்த 200 கிலோ, கட்டடத்துச் செங்கல் சுவருக்கும் அசையாத சுமைக்கும் சொன்ன எண். வேனுக்குக் கணக்கு வேறு.

80 கிலோ எடையுள்ள இருவர் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 160 கிலோ. அந்த எடையின் மையம் சுவரிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. தள்ளி விழும். கால் இல்லாமல் பிராக்கெட்டில் மட்டும் பெஞ்சு நின்றால், அந்த எடை பிராக்கெட்டை முன்னால் சாய்க்கப் பார்க்கும். பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ்முனைக்கும் 20 செ.மீ. தூரம் என்றால், 160-ஐ 25-ஆல் பெருக்கி 20-ஆல் வகுக்க, மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 200 கிலோ. யாராவது தொப்பென்று உட்கார்ந்தால் அது இரட்டிப்பாகலாம். அதுவும் மெல்லிய தகட்டைப் பிடித்திருக்கும் ரிவ்நட்டை நேராக வெளியே இழுக்கும் விசை. ரிவ்நட் மிக விரும்பாத திசை அது.

இப்போது முன்விளிம்பில் ஒரு கால் வையுங்கள். அதே 160 கிலோவில் ஏறத்தாழ 95 கிலோ கால் வழியாகத் தரைக்குப் போய்விடும். சுவருக்கு வருவது 65 கிலோ மட்டுமே, அதுவும் நேர் கீழ்நோக்கி. போல்ட்டைப் பிடுங்கும் விசை அநேகமாக மறைந்துவிடுகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு கால் இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும்போது அதை மிச்சப்படுத்துவதில் என்ன இலாபம்?

பெஞ்சின் முழு நீளத்துக்கும் கிட்டத்தட்ட வரும் ஒரே பலகைக் காலாக, அடிப்பக்கம் நீளக் கீலால் இணைத்துவிடுவது எளிது. தனித்தனியாக இரண்டு கால் வைத்தால் ஒன்று சரியாக விரியாமல் போகும் ஆபத்து உண்டு. கால் செங்குத்தாக அல்லாமல், கீழ்முனை சற்று வெளியே சாய்ந்து நிற்கட்டும். அதற்கு மேல் விரியாதபடி ஒரு நாடாவோ தடுப்புக் கட்டையோ இருக்க வேண்டும். உட்காருபவரின் எடை அந்தத் தடுப்பை நோக்கிக் காலைத் தள்ளி, தானாகவே பூட்டிக்கொள்ளும். உள்பக்கம் சாய்ந்த கால், காலால் தட்டுப்பட்டவுடன் மடங்கிவிடும்.

உட்காரும் பலகைக்கு 12 மி.மீ. பிர்ச், அல்லது 15 மி.மீ. பாப்லர். இரண்டுமே நாலரைக் கிலோவுக்குள் அடங்கும். முன்விளிம்பின் அடியில் 40 மி.மீ. உயரத்தில் ஒரு கட்டையை நிற்கவைத்து ஒட்டித் திருகினால் நடுவில் தொய்யாது.

கீலை எதில் மாட்டுவது?

தாங்குபலகையில். 18 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி, குறைந்தது மூன்று இரும்புச் சட்டங்களைத் தொடும் நீளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் மேலும் கீழுமாக இரண்டு எம்6 போல்ட், அகல வாஷரோடு. பெஞ்சின் நீளத்தைச் சட்டங்களின் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், சட்டம் உங்களுக்காக நகராது.

இந்தத் தாங்குபலகை நேரடியாக இரும்பின் மேல் அமர வேண்டும். நடுவில் ஃபோமோ துணியோ இருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்கிக்கொண்டே போகும், இறுக்கம் தளர்ந்துகொண்டே வரும். அந்த இடத்தை வெறும் இரும்பாக விடச் சொன்னது இதற்காகத்தான். அலுமினியக் கோணச் சட்டம் போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று கேட்பவர்களுக்கு: உறுதிதான், ஆனால் அது குளிரை உள்ளே கொண்டுவரும் பாலமாகிவிடும். காலையில் அதன் மேல் நீர் பூத்திருக்கும். 18 மி.மீ. மரம் அந்தக் குளிரைத் தடுக்கிறது.

சட்டங்களின் முகங்கள் ஒரே தளத்தில் இருக்காது. நூல் பிடித்துப் பார்த்தால் நடுச்சட்டம் சில மில்லிமீட்டர் முன்னாலோ பின்னாலோ நிற்கும். அப்படியே இறுக்கினால் தாங்குபலகை வில்லாக வளையும், நீளக் கீல் திரும்ப மறுக்கும், திருகுகள் ஒவ்வொன்றாகப் பெயரும். பின்தங்கிய இடத்தில் மெல்லிய பிளைவுட் துண்டுகளைச் செருகி, நூலோடு ஒட்டி வந்த பிறகே முழுவதும் இறுக்குங்கள். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் ஆனாலும் ஆகட்டும்.

சுவர்ப் பலகையைத் தாங்குபலகைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டாகப் பிரித்து வெட்டுங்கள். அப்போதுதான் பெஞ்சைத் தொடாமலேயே சுவரைக் கழற்ற முடியும்.

வேன் ஓடும்போது மடக்கிய பெஞ்சு விழாதா?

காந்தக் கொக்கி போதாது. அது காலை மட்டும் பிடிக்கட்டும். கால், கீல், கட்டை எல்லாம் சேர்ந்து ஏழு கிலோவுக்குக் குறையாத பலகைக்கு இரண்டு பக்கமும் இயந்திரப் பூட்டு வேண்டும்: அழுத்திப் பூட்டும் தாழ்ப்பாளோ, படகுகளில் போடும் நெம்புகோல் கொக்கியோ. ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். பலகையும் சுவரும் தொடும் இடங்களில் ரப்பர் பொட்டுகளை ஒட்டி, தாழ்ப்பாள் அவற்றைச் சற்று அழுத்தும்படி அமைத்தால் சத்தம் வராது. போல்ட்டுகளுக்கெல்லாம் நைலான் பூட்டு நட்டோ மரைப்பூட்டுப் பசையோ போடுங்கள். முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஓடும் வேனில் அந்தப் பெஞ்சில் உட்காரலாமா?

கூடாது. பெஞ்சு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கூடாது. பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் இடுப்பையும் கழுத்தையும் மோதலின்போது எந்த வாரும் சரியாகக் காப்பதில்லை. 2007 அக்டோபர் 20 முதல் பதிவான கார், சிறிய வேன் வகைகளில் பக்கவாட்டு இருக்கைகளைப் பொருத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றால் தடுத்தது இதனால்தான். பயணிகளுக்கு இருக்கை வேண்டும் என்றால் இழுவிசைச் சோதனை தாண்டிய, முன்னோக்கிய இருக்கையை வாங்கி, தேர்ந்தவர்களிடம் கொடுத்துத் தரையில் பொருத்துங்கள். நீங்களாகவே துளையிட்டு இருக்கை வாரைக் கட்டிவிடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் செலவைக் குறைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். குழந்தைகள் பெஞ்சிலேயே வருகிறோம் என்று அடம்பிடிப்பார்கள், அதனால் வேன் புறப்படும் முன் பெஞ்சை மடக்கித் தாழிடுவதை வழக்கமாக்கிவிடுங்கள்.

எடையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

பெரும்பாலான டுகாட்டோக்களின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. 1997 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் கார் உரிமத் தேர்வில் தேறியவர்களின் வழக்கமான உரிமமும் அந்த எடையோடு நிற்கிறது. பலகை, மெத்தை, பேட்டரி, தண்ணீர், எரிவாயு, ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சுவர் வேலை முடிந்ததும் ஒருமுறை, எல்லாம் முடிந்து தண்ணீரும் நிரப்பிய பிறகு ஒருமுறை எடை மேடைக்குப் போய்வாருங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்கள்.

மடக்கு பெஞ்சு இருந்தால் வேனை மோட்டார் கேரவனாகப் பதிவு மாற்ற முடியுமா?

பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ. உள்ளே எதிர்பார்ப்பது இருக்கையும் மேசையும், படுக்கை, சமைக்கும் வசதி, சாமான் வைக்கும் இடம். இருக்கை தரையிலோ பக்கச் சுவரிலோ நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சட்டங்களில் போல்ட் போட்ட மடக்கு பெஞ்சு இந்த நிபந்தனைக்குப் பொருந்தி வரும். ஆனால் அண்மை ஆண்டுகளில் வெளித்தோற்றத்தையும் அவர்கள் பார்க்கிறார்கள்: பக்க ஜன்னல்கள், வெளியே விரிக்கும் நிழல்திரைக்கான சட்டம், பக்கவாட்டில் ஒட்டும் அலங்காரப் பட்டைகள் போன்றவை. வெளியிலிருந்து சரக்கு வேனாகவே தெரிந்தால் பதிவை மாற்ற மறுக்கிறார்கள். பதிவு மாறினாலும் மாறாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள்.

பழைய பலகையைக் கழற்றியதும் துரு தெரிகிறது. அப்படியே மூடிவிடலாமா?

மூடினால் துரு நிற்காது. கம்பித் தூரிகையால் பளபளப்பான இரும்பு வரும்வரை தேய்த்து, குழிகளில் மிஞ்சிய துருவின் மேல் துரு மாற்றியைப் பூசி, துத்தநாகப் பிரைமர் ஒன்று, அதன் மேல் பெயின்ட் இரண்டு கோட். துரு எங்கிருந்து தொடங்கியது என்று மேல்நோக்கித் தேடுங்கள். கூரைத் தையல், ஜன்னல் ரப்பர், பின்விளக்கின் அடி ஆகிய மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. ஒருவர் உள்ளே கைவிளக்கோடு உட்கார்ந்திருக்க, மற்றொருவர் வெளியே கீழிருந்து மேலாகத் தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டால் ஊற்றுக்கண் தெரிந்துவிடும். அதை அடைத்து, ஒரு நல்ல மழையைப் பார்த்து, உள்ளே காய்ந்திருப்பது உறுதியான பிறகு முதல் ஃபோம் துண்டை ஒட்டுங்கள்.